மழைக்கு குறைவில்லை... சாரல் நாளுக்குத்தான் பஞ்சம்!
பனி தங்காத குல்மார்க்கும், சாரல் தங்காத குற்றாலமும் சொல்லும் ஒரே பாடம்

தென்காசி:-

"தண்ணி விழுதா?"

ஆனி மாதம் பிறந்துவிட்டால் குத்துக்கல்வலசை ஆட்டோ டிரைவரில் இருந்து குற்றாலம் லாட்ஜில் அறை துடைக்கும் பெண் வரைக்கும் எல்லாரிடமும் வெளியூர்க்காரர்கள் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான். "விழுது, வாங்க" என்று சொல்ல முடிந்தால் அன்றைக்கு பாடு இல்லை. "இப்போதைக்கு இல்ல" என்றாலோ, "தண்ணி ரொம்ப வருது, போலீஸ் விட மாட்டேங்குது" என்றாலோ அன்றைய கூலி போச்சு.

தென்காசி நகரை ஒட்டி இருக்கும் குத்துக்கல்வலசையில் குற்றாலம் சீசனை நம்பி பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. தென்காசியில் இருந்து குற்றாலம் 5 கிலோ மீட்டர்தான். ஆட்டோ, வேன் ஓட்டுவது, ஓட்டலில் மாவாட்டுவது, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து விடுவது, மங்குஸ்தான், ரம்புட்டான் விற்பது, நேந்திரங்காய் சிப்ஸ் போடுவது என்று சீசன் வேலைகள் பல. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதம் சம்பாதித்தால்தான் பள்ளிக்கூட செலவும், வட்டிக்கடனும் அடையும்.

அந்த மூன்று மாதம் இப்போது முன்னைப்போல இல்லை என்பதுதான் பிரச்சினை.

ஆரியங்காவு வழியாக வரும் விருந்தாளி

குற்றாலத்துக்கு சீசன் என்பது கேரளா தரும் சீதனம். தென்மேற்கு பருவமழை சாதாரணமாக ஜூன் 1-ந்தேதி வாக்கில் கேரளாவில் தொடங்கும். மேற்கு தொடர்ச்சி மலை அந்த மேகங்களை மறித்துக்கொள்ளும். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு கணவாயில் மலை தாழ்ந்து இருப்பதால் குளிர்ந்த காற்றும், மிச்ச மேகமும் இந்தப் பக்கம் புகுந்துவிடும். அதுதான் வெயிலும் தூறலுமாக நாள் முழுக்க விழும் சாரல்.

கேரளாவில் மழை இல்லை என்றால் இங்கே சாரலும் இல்லை. இது தென்காசியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

சாரலுக்கு இன்னொரு குணம் உண்டு. அடித்துப் பெய்யாது. பொசுபொசுவென்று நாள்கணக்கில் நனைக்கும். மலைக்காட்டு மண் அதை பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதனால்தான் மழை நின்று சில நாள் ஆனாலும் அருவியில் தண்ணீர் விழும். ஒரே நாளில் கொட்டும் பேய் மழைக்கு அந்த குணம் கிடையாது. மண் உறிஞ்சுவதற்குள் பாறையும் மரமுமாக உருட்டிக்கொண்டு இறங்கிவிடும்.

காய்ந்த ஆவணி... மிதந்த மார்கழி

2023-ம் ஆண்டை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாக புரியும்.

அந்த ஆண்டு எல் நினோ ஆண்டு. அதாவது பசிபிக் கடல் வழக்கத்தை விட சூடாகி, நம் பருவக்காற்றை பலவீனப்படுத்தும் ஆண்டு. கேரளாவில் பருவமழை ஒரு வாரம் தாமதமாக ஜூன் 8-ந்தேதிதான் தொடங்கியது. ஆகஸ்டு மாதம் இன்னும் மோசம். வழக்கமாக 40 செ.மீ.க்கு மேல் பெய்யும் அந்த மாதத்தில் கேரளாவில் கிடைத்தது சுமார் 6 செ.மீ.தான். நாடு முழுவதும் 1901-ம் ஆண்டுக்கு பிறகு இவ்வளவு வறண்ட ஆகஸ்டு வந்ததில்லை. அந்த சீசன் முடிந்தபோது கேரளாவில் மழை 34 சதவீதம் குறைவு.

அதே ஆண்டு டிசம்பர் 17, 18-ந்தேதிகளில் என்ன நடந்தது? நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்கள் வெள்ளத்தில் மிதந்தன. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. குற்றாலம் அருவிகளிலும் காட்டாற்று வெள்ளம்.

மார்கழி என்பது ஐயப்ப சீசன். சபரிமலைக்கு போகும் பக்தர்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டு போவார்கள். வியாபாரிகளுக்கு இது இரண்டாவது அறுவடை. ஆனால் வெள்ளம் வந்தால் யாரும் அருவி பக்கம் போக முடியாது. மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவை தாண்டி தண்ணீர் விழுந்தாலே குளிக்க தடைதான். 2024 டிசம்பர் 12, 13-ந்தேதிகளிலும் இதே கதை திரும்ப நடந்தது.

வறட்சியில் அருவி காய்ந்தாலும் கடை காலி, வெள்ளத்தில் அருவி கொட்டினாலும் கடை காலி.

வருஷ கடைசியில் மழைக்கணக்கை கூட்டிப்பார்த்தால், டிசம்பர் மழை சேர்ந்து அழகான எண் வந்துவிடும். "மாவட்டத்தில் நல்ல மழை" என்று கூட சொல்லலாம். ஆனால் கூலிக்காரன் வயிறு மில்லி மீட்டரில் நிறையாது. அவனுக்கு வேண்டியது நாள் கணக்கு.

குல்மார்க்கில் காய்ந்த புல்

இந்த சோகம் நமக்கு மட்டும் இல்லை. காஷ்மீரில் குல்மார்க் என்று ஒரு மலை ஊர். கடல் மட்டத்தில் இருந்து 8 ஆயிரத்து 500 அடிக்கு மேல் உயரம். நமக்கு சாரல் எப்படியோ அவர்களுக்கு பனி அப்படி. பனிச்சறுக்கு விளையாட உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் வருவார்கள். குதிரைக்காரர், பனியில் வண்டி இழுப்பவர், டீக்கடைக்காரர் எல்லாருக்கும் அதுதான் சோறு.

2024 ஜனவரியில் அந்த ஊரில் பனி இல்லை. வெள்ளை போர்வை இருக்க வேண்டிய மலைச்சரிவில் காய்ந்த புல்தான் தெரிந்தது. மாத கடைசியில்தான் பனி விழ ஆரம்பித்தது. 2025-ல் பிப்ரவரி 22-ந்தேதி அங்கே தொடங்க இருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு போட்டி, பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 9-ந்தேதிதான் தொடங்கியது.

"அதான் பிறகு பெய்துவிட்டதே" என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம். டிசம்பர் 21-ந்தேதி முதல் 40 நாள் கடுங்குளிரை காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்பார்கள். அந்த நாட்களில் விழும் பனி இறுகி மலையிலேயே தங்கும். கோடையில் மெல்ல உருகி ஆற்றுக்கும், ஆப்பிள் தோட்டத்துக்கும் தண்ணீர் தரும். பிப்ரவரி, மார்ச்சில் விழும் பனி வெயில் ஏறியதும் சீக்கிரம் கரைந்து ஓடிவிடும்.

பெய்வது முக்கியம் இல்லை, தங்குவதுதான் முக்கியம். அங்கே பனி தங்கவில்லை. இங்கே சாரல் தங்கவில்லை.

காரணம் என்ன?

பூமி சூடாகிறது என்பது இப்போது புத்தக சமாச்சாரம் இல்லை. 2024-ம் ஆண்டுதான் இதுவரை கணக்கெடுத்ததில் உலகிலேயே சூடான ஆண்டு. இந்தியாவுக்கும் 1901-க்கு பிறகு அதுதான் சூடான ஆண்டு. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தை பிடித்துவைக்கும். பெரிய பை கிடைத்தவன் கதைதான். நிறையும் வரை ஒரு சொட்டு விடமாட்டான், நிறைந்ததும் மொத்தமாக கவிழ்ப்பான். அதனால் மழை இல்லாத நாள் நீளுது, பெய்யும் நாளில் பேயாட்டம்.

எல்லா ஆண்டும் சீசன் பொய்க்கிறது என்று சொல்ல முடியாது. 2025-ல் பருவமழை மே 24-ந்தேதியே கேரளாவுக்கு வந்துவிட்டது. 2009-க்கு பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. ஆனால் முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் எப்போது வரும் என்ற நிச்சயம் போய்விட்டது. கடை ஏலம் எடுப்பவன் எந்த மாதத்தை நம்பி கடன் வாங்குவான்?

திடீர் வெள்ளம் உயிருக்கும் ஆபத்து. 2024 மே 17-ந்தேதி பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டு இருந்தவர்கள் மீது காட்டாற்று வெள்ளம் பாய்ந்ததில் 17 வயது மாணவன் பலியானான். கோடை விடுமுறையில் குளிக்க வந்த பிள்ளை அவன். எனவே தடை போடுவதை குறை சொல்ல முடியாது. உயிருக்கு மிஞ்சி வியாபாரம் இல்லை.

கார் நெல்லுக்கும் கஷ்டம்

சாரல் அருவிக்கரையோடு நிற்பதில்லை. குற்றாலம் மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியாக ஓடி சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேருகிறது. வழியில் எத்தனையோ குளங்களுக்கு இதுதான் உயிர். கார் பருவ நெல் முழுக்க தென்மேற்கு பருவமழையை நம்பித்தான். மாலையில் பேப்பரை பிரித்ததும் குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, ராமநதி, கடனாநதி அணைகளின் நீர்மட்டத்தை விவசாயிகள் தேடுவது சும்மா இல்லை. 36 அடி குண்டாறு அணை நிரம்பினாலே சீசன் களைகட்டிவிட்டது என்று அர்த்தம்.

டிசம்பர் வெள்ளம் அணையை நிரப்பும், பிசானத்துக்கு உதவும். ஆனால் ஆடியில் கருகிய நாற்றை மார்கழி தண்ணீர் எழுப்பாது.

என்ன செய்யலாம்?

முதல் காரியம், நாளை எண்ண வேண்டும். 2.5 மில்லி மீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் அதை 'மழை நாள்' என்று வானிலை துறை கணக்கு வைக்கிறது. ஆண்டுக்கு எத்தனை மழை நாள், எத்தனை நாள் குளிக்க தடை என்று குற்றாலத்துக்கு மட்டும் தனியாக வெளியிட்டால் இழப்பு எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும்.

இரண்டாவது, நிவாரணம். மீன்பிடி தடைக்காலம் 61 நாளுக்கு மீனவ குடும்பத்துக்கு அரசு 8 ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது. கடலுக்கு போகாதே என்று சொன்னால் சோற்றுக்கும் வழி சொல்ல வேண்டும் என்பதுதான் அதில் உள்ள நியாயம். அருவிக்கு போகாதே என்று தடை போடும்போதும் அதே நியாயம் செல்லாதா? தடை நாட்களுக்கு கடை ஏலத்தொகையில் கழிவு கொடுத்தாலே பாதி பாரம் குறையும்.

மூன்றாவது, காடு. மேலே காடு அடர்த்தியாக இருந்தால்தான் பெய்யும் தண்ணீர் தங்கும். குளம், கால்வாய் தூர் வாரினால்தான் ஒருநாள் வெள்ளத்தை நூறுநாள் தண்ணீராக மாற்ற முடியும். சாரலை வரவழைக்க யாராலும் ஆகாது. வந்த தண்ணீரை தங்க வைக்க முடியும்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த காற்று வருஷா வருஷம் கணவாய் தாண்டி வரத்தான் செய்கிறது. அதில் சாரல் இருக்குமா, வெறும் தூசிதானா என்பதில்தான் குத்துக்கல்வலசையில் பல வீட்டு அடுப்பு அடங்கி இருக்கிறது.