கால்நடை கேள்வி-பதில்: ஆடு பிழைத்தது, காது நிமிரவில்லை

“ஊறுகாய்ப்புல் தின்ற வெள்ளாடு இடப்பக்கமாகவே சுற்றியது. ஒரு காது தொங்கி, எச்சில் வடிந்தது. மருத்துவர் ஐந்து நாள் ஊசி போட்டார். இப்போது தீவனம் எடுக்கிறது. காது மட்டும் நிமிரவில்லை. கிருமி சாகவில்லையா? வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு ஊசியை நாங்களே வாங்கிப் போடலாமா?”

- வாசகி, தாராபுரம்

இது லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவால் வரும் மூளை அழற்சியாகத்தான் தெரிகிறது. சரியாகப் புளிக்காமல் பி.ஹெச். 5-க்கு மேல் நிற்கும் ஊறுகாய்ப்புல்லில் இது பெருகும். வாயிலுள்ள கீறலில் நுழைந்து, முகத்து நரம்பு வழியே மூளைத்தண்டுக்கு ஏறும். ஒரு பக்கமாக ஏறுவதால்தான் ஒரு காது மட்டும் தொங்குகிறது.

அங்கே காவலிருக்கும் செல்கள் கிருமியைக் கண்டதும் சைட்டோகைன் என்னும் சேதிப் புரதங்களை வெளிவிடும். ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களை அழைத்து வருவது இந்தச் சேதிதான். காலில் புண் என்றால் சிவந்து, வீங்கி, சீழ் வைத்து ஆறிவிடும். மண்டையோட்டுக்குள் வீங்குவதற்கு ஏது இடம்? வந்த அணுக்கள் சின்னச் சின்ன சீழ்க்கட்டிகளாகத் திரண்டு, கிருமியோடு நரம்புச் செல்லையும் அழித்துவிடும். களை எடுக்கப் போய் பயிரையும் பிடுங்கிய கதை! மருந்து கிருமியைக் கொல்லும். போன நரம்பைத் திருப்பித் தராது. எனவே காதை மட்டும் வைத்து கிருமி இருக்கிறது என்று சொல்ல முடியாது. தீவனம் எடுப்பது நல்ல அறிகுறி. ஆனால், ஐந்து நாள் ஊசி போதுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இந்நோய்க்கு ஒரு வாரத்துக்கு மேலும் தேவைப்படுவது உண்டு.

ஸ்டீராய்டை நீங்களாகப் போடவே கூடாது. அது அந்தச் சேதிகளையே அடக்கிவிடும். டி.என்.எஃப். என்ற சைட்டோகைன் இல்லாமல் லிஸ்டீரியாவை உடம்பால் கட்டுப்படுத்த முடியாது. மூட்டுவாதத்துக்காக அதை அடக்கும் மருந்து எடுக்கும் மனிதர்களுக்கே இந்தக் கிருமி எளிதில் தொற்றுகிறது. வீக்கமே உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் தொடக்கத்தில் மருத்துவர் ஒரு வேளை போடக்கூடும். அது அவர் பார்த்து எடுக்கிற முடிவு. நிறைசினை ஆட்டுக்குப் போட்டால் குட்டி வீசிவிடும்.

மீதமுள்ள ஊறுகாய்ப்புல்லை மற்ற ஆடுகளுக்குப் போடாதீர்கள். இப்படி எச்சில் வடியும் ஆட்டின் வாயில் வெறுங்கையை விட வேண்டாம், வெறிநோயாகவும் இருக்கலாம். பாலை நன்கு காய்ச்சியே குடியுங்கள். மந்தையில் ஏதாவது குட்டி வீசினால் கையுறை போட்டு அப்புறப்படுத்துங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பட்டிப் பக்கமே வரவேண்டாம்.