ஓடைக்குப் படிக்கட்டு எதற்கு?

பெரம்பலூர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. "நம்ம ஊர்ல என்னய்யா இருக்கு?" என்று முதலில் அலுத்துக்கொள்வார்கள். யாராவது பச்சைமலையைக் கைகாட்டினால் அடுத்த வசனம் ரெடி: "அங்க போக வழியே சரியில்லப்பா. கவர்மென்ட்டு படி கட்டி, கம்பி போட்டு விட்டா நல்லாருக்கும்."

கோரையாறு அருவிக்குப் போகும் வழியைப் பற்றித்தான் பேச்சு. அதைப் பாதை என்பதே ஒரு மரியாதைக்குத்தான். காட்டுக்குள் போனபின் ஓடைதான் வழி. பாறைக்குப் பாறை தாவ வேண்டும், பாசி வழுக்கும், முள் கிழிக்கும்... அருவியில் தண்ணீர் கொட்டுவது மழைக்காலத்தில். அதாவது, பார்க்கத் தகுந்த நாட்களில்தான் ஆபத்தும் அதிகம்.

இதற்குத் தீர்வு கான்கிரீட்டா? பக்கத்து அரியலூரில் சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன என்பதற்காக ஓடையிலும் கொட்ட வேண்டுமா என்ன?

பழைய குற்றாலத்தில் படியும் உண்டு, கம்பியும் உண்டு. 2024 மே 17 அன்று திடீர் வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை ஓடையில் இறங்கிவிடும். தண்ணீர் சட்டென்று கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் மாறும். அந்த நிமிடமே கரையேறு என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். படிக்கட்டு சொல்லாது.

"அப்போ மொத்தமா தடை போட்டுடலாமே?" என்பது இன்னொரு கட்சி. குரங்கணி காட்டுத்தீயில் (2018 மார்ச் 11) 23 உயிர்கள் போயின. அதற்குப் பிறகும் அரசு மலையேற்றத்தை ஒரேயடியாக மூடவில்லை. அதே ஆண்டு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அறிவித்தது. ஆன்லைனில் முன்பதிவு, கூடவே வர பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். தடையும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. அந்த 40-இல் பெரம்பலூர் மாவட்டம் ஏன் இல்லை என்று கேட்டால் அது நியாயமான சண்டை!

காமர்ஸ் மக்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், படிக்கட்டு ஒரு ஃபிக்ஸட் அசெட். திறப்பு விழா முடிந்த மறுநாளே தேய்மானம் ஆரம்பம். பராமரிக்க யாரும் வரமாட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். துருப்பிடித்த கம்பியை நம்பிச் சாய்பவன்தான் விழுவான். கம்பியே இல்லாத பாறையில் எவனும் பார்த்துத்தான் கால் வைப்பான். பச்சைமலையில் மலையாளிப் பழங்குடியினர் (கேரளக்காரர்கள் அல்ல, மலைவாசிகள்) தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பயிற்சியும் ஒழுங்கான கூலியும் கொடுத்தால் காசு ஊருக்குள்ளேயே நிற்கும்.

"வயசானவங்க, குழந்தைங்க என்ன பண்ணுவாங்க?" நல்ல கேள்வி. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது, வண்டியிலேயே போய்ப் பார்க்கலாம். எல்லா இடமும் எல்லோருக்கும் வாகாக இருந்தே ஆக வேண்டும் என்றால் அப்புறம் காடு என்று எதைக் காட்டுவது?

அடுத்த முறை மனு எழுதுபவர்கள் 'படிக்கட்டு' என்ற வரியை அடித்துவிட்டு மூன்றே மூன்று கேட்கட்டும். கனமழை நாளில் மூட ஒரு கேட், காட்டு முகப்பில் தமிழில் ஓர் எச்சரிக்கைப் பலகை, கூட நடக்க ஒரு மலையூர்க்காரர். செலவும் கம்மி, ஓடையும் ஓடையாகவே இருக்கும்.