சுவருக்கு பெயின்ட் அடிக்க ஒரு கரீபியன் பயணம்!

எட்டு பத்து பீச் லோக்கல். தாம்பரத்திலேயே ஏறுவதால் எங்களுக்கு ஜன்னல் ஸீட் யோகம் உண்டு. (சானடோரியத்தில் ஏறுகிறவர்கள் எங்களை மிராசுதார்களைப் பார்ப்பது போல் பார்ப்பார்கள்!) நண்பன் அன்று பேப்பரைப் பிரிக்கவில்லை. பையிலிருந்து வழவழவென்று ஒரு பிரசுரத்தை எடுத்தான்.

"மாப்ளே, ஒரு மாசம் லீவு போடறேன். கரீபியன் போறேன்."

எனக்குத் தெரிந்த கரீபியனெல்லாம் ரிச்சர்ட்ஸ், லாரா வகையறாதான். லாரா ஆன்டிகுவாவில் 1994-ல் 375 அடித்தார், அதே மைதானத்தில் 2004-ல் 400 அடித்தார். அத்தோடு என் பூகோளம் முடிந்தது.

"டெஸ்ட் மேட்ச் பார்க்கவா?"

"தொண்டு செய்ய!"

பிரசுரத்தில் பச்சை மலை, தகரக் கூரை, பல் தெரியச் சிரிக்கும் குழந்தைகள். நடுவில் ஒரு வெள்ளைக்கார இளைஞன், கையில் பெயின்ட் பிரஷ். காலையில் கிராமத்துப் பள்ளிச் சுவருக்கு பெயின்ட் அடிக்க வேண்டும். மத்தியானம் குழந்தைகளுக்கு இங்கிலீஷ். சாயங்காலம் கடற்கரை. கடைசியில் ஒரு சர்ட்டிஃபிகேட்.

"சம்பளம் எவ்வளவு தர்றாங்க?"

"அவங்க எங்கடா தர்றாங்க? நான்தான் தரணும். மூணரை லட்சம். ஃப்ளைட் டிக்கெட் தனி."

பையன் பி.எஃப். லோனுக்கே விண்ணப்பித்துவிட்டான். நானும் அவனும் ஒரே பெஞ்சில் பி.காம். படித்தவர்கள். மற்றதெல்லாம் மறந்து போனாலும், பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு என்ற விதி மறக்காது. டெபிட் த ரிசீவர், கிரெடிட் த கிவர்! இதில் யார் ரிசீவர், யார் கிவர்? கோடம்பாக்கத்தில் இறங்கும் வரை எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்று. போன பொங்கலுக்கு அவன் வீட்டு காம்பவுண்ட் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்துத்தான் செய்தான். ஏணி என்றால் அவனுக்கு பயம்!

*

அன்று ஆபீஸில் (மேனேஜர் லீவு) பேலன்ஸ் ஷீட்டை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

வெளிநாட்டுத் தொண்டு கெட்ட விஷயமே இல்லை. 1961-ல் கென்னடி ஆரம்பித்த அமைதிப் படை முதலில் போன இடங்களில் ஒன்று, கரீபியனில் இருக்கும் செயின்ட் லூசியா. அதே படை 1961 முதல் 1976 வரை நம் நாட்டிலும் இருந்தது. 1966-ல் அதில் சேர்ந்து பம்பாய் விக்ரோலிக்கு வந்தார் ஓர் அம்மையார். வயது 68! பெயர் லில்லியன் கார்ட்டர். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் அம்மா. அந்தம்மா இங்கே வந்து சுவருக்கு பெயின்ட் அடிக்கவில்லை. நர்ஸ் வேலை தெரிந்தவர், டிஸ்பென்சரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். தெரிந்த வேலையைச் செய்தார், அவ்வளவுதான்.

தெரியாத வேலையைச் செய்யப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கரீபியனிலேயே உதாரணம் இருக்கிறது. 2010 ஜனவரி பூகம்பத்துக்குப் பிறகு ஹைட்டிக்கு எங்கிருந்தெல்லாமோ தொண்டர்கள் போனார்கள். அநாதை இல்லங்களுக்குப் போய் குழந்தைகளைக் கொஞ்சினார்கள், போட்டோ எடுத்தார்கள், பணம் கொடுத்தார்கள். அப்புறம் கணக்குப் பார்த்தால், அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் சுமார் 80 சதவீதம் பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள்! சோறு போட முடியாமல் கொண்டுவந்து விட்டவர்கள். கொஞ்ச ஆள் வரவர, கொஞ்சப்படக் குழந்தைகளும் வேண்டியிருந்தது. டிமாண்ட் ஏறினால் சப்ளை ஏறும். பி.காம். முதல் வருஷம்.

இன்னொரு சமாசாரம் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கரீபியனுக்கு நம்மாட்கள் எப்போதோ போயாகிவிட்டது! பிரெஞ்சுத் தீவுகளில் 1848-ல் அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டும். புதுச்சேரியில் ஆள் பிடித்துக் கப்பலேற்றினார்கள். 1853-ல் மர்தினிக், 1854 டிசம்பரில் குவாதலூப். குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42 ஆயிரம் பேர், பெரும்பாலும் தமிழர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். பலர் திரும்பவே இல்லை. அங்கே இன்றைக்கும் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 'மாலியேமின்' என்று பெயர். மதுரைவீரன் 'மால்தெவிலின்' ஆகிவிட்டார். 'கொலம்போ' என்று மசாலாப் போட்டு ஒன்று சமைக்கிறார்கள். அது நம்ம ஊர்க் குழம்பா, இல்லை கொழும்பா என்று இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது. இவர்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமென்று ஹென்றி சிதம்பரம் என்கிற ஒரே மனிதர் 1904-ல் ஆரம்பித்து 1923 வரை போராடினார்.

உழைப்பைக் கொடுத்தவர்கள் அவர்கள். சர்ட்டிஃபிகேட்டும் இல்லை, போட்டோவும் இல்லை.

*

மறுநாள் ரயிலில் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். மீனம்பாக்கம் தாண்டியும் பேசிக்கொண்டே இருந்தேன். அவன் வாய் திறக்கவில்லை. கிண்டி தாண்டி, சைதாப்பேட்டைக்கு முன்னால் அடையாற்றுப் பாலத்தின் மேல் ரயில் தடதடத்தபோது கீழே பார்த்தான். ஆறு ஏதோ ஓரமாய், மன்னிப்புக் கேட்பது போல் ஓடிக்கொண்டிருந்தது.

"2015 ஞாபகம் இருக்கா?" என்றான்.

யாருக்கு இருக்காது? டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். இதே அடையாறு முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் வந்துவிட்டது. அவன் வீடு முடிச்சூரில்.

"அம்மா, வீட்டுல, ஒன்றரை வயசுப் பையன், நான். மொட்டை மாடியில ரெண்டு நாள். கரண்ட் இல்ல, போன் இல்ல. பையனுக்குப் பால் இல்ல. அப்ப மீன் பிடிக்கிற போட்டுல நாலு பேர் வந்தாங்க மாப்ளே. பையனை என் கையிலேர்ந்து வாங்கினவர் விரல்ல பூரா வலை அறுத்த தழும்பு. இறங்குறப்ப அம்மா நூறு ரூபா நீட்டினாங்க. வாங்கல. அடுத்த தெருவுக்குப் போயிட்டாங்க. எந்த ஊருன்னுகூட நான் கேக்கல. அதை எங்கயாவது திருப்பிக் கொடுத்துடணும்டா."

இதற்கு என்ன ஜோக் அடிப்பது?

"கடன் வாங்கினது நம்ம கடலோரத்துல. கட்டப் போறது கரீபியன்லயா? எந்த பாங்க்லடா ஒத்துக்குவான்?" என்றேன், மெதுவாக.

"சரி, நீ அப்ப என்ன செஞ்சே?"

மேட்டுப்பாங்கான சேலையூரில் என் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. நிவாரணத்துக்கு நான்கு பழைய பேன்ட் கொடுத்தேன். அதில் ஒன்றுக்கு ஜிப் கிடையாது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று ராத்திரி அவன் அம்மா முடித்து வைத்தார்களாம். "கடன் வாங்கிட்டுப் போய் செய்யறதுக்குப் பேரு தொண்டாப்பா?" லோன் விண்ணப்பம் வாபஸ்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பைக்கில் நீலாங்கரை தாண்டி ஒரு குப்பத்துக்குப் போனோம். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னோம்.

"எத்தினியோ பேரு போனாங்க தம்பி. யாருன்னு சொல்றது? அதுக்கின்னா இப்போ?"

"ஏதாவது உதவி செய்யலாம்னு..." நண்பன் இழுத்தான். அவன் பார்வை பக்கத்துப் பள்ளிச் சுவர் மேல் போனதை நான் கவனித்தேன். நல்ல வேளை, புதுப் பெயின்ட்!

பெரியவர் யோசித்தார். "ஃபாரம் எழுதத் தெரியுமா?"

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு அரசு நிவாரணம் பாங்க் கணக்குக்கு வரும். ஆதாரில் ஓர் எழுத்து, பாஸ் புக்கில் ஓர் எழுத்து என்றால் வராது. பெரியவர் வீட்டில் அப்படித்தான் நின்று போயிருந்தது. அடுத்த வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும்கூட.

பதினைந்து வருஷமாய் ஃபாரத்தோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு இது அல்வா! பேனாவை எடுத்தான். மத்தியானத்துக்குள் பதினேழு விண்ணப்பம். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு அங்கேதான் இருக்கிறான். நானும் போகிறேன். (ஜெராக்ஸ் எடுத்து வரும் இலாகா என்னுடையது.) கரீபியன் ஆசையும் போய்விடவில்லை. ஐ.நா. தொண்டர் திட்டத்தில் கணக்குத் தெரிந்தவர்களையும் எடுக்கிறார்களாம், எதிர் செலவுக்குப் பணமும் தருகிறார்களாம். விண்ணப்பிக்கப் போகிறான். போகட்டும். இந்தத் தடவை தெரிந்த வேலைக்குத்தானே!

முதல் நாள் கிளம்பும்போது பெரியவர் சம்சாரம் பிளாஸ்டிக் பையில் ஒரு கிலோ சங்கரா மீனைக் கொண்டுவந்து பைக்கில் மாட்டினார். நண்பன் பதறிப்போய் நூறு ரூபாய் நீட்டினான்.

அந்தம்மா வாங்கவில்லை.

மறுபடியும் டெபிட்!