பழைய கார்: வைத்திருப்பதா, விடுவதா?

முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த என்னுடைய ஜப்பானியக் காரைக் கடந்த ஆண்டு விட்டுவிட்டேன். 'விற்றுவிட்டேன்' என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னர், பழைய வாகனம் ஒன்றைத் திருத்தி வைத்திருப்பதா, கைவிடுவதா என்பதை இந்த நாட்டில் எப்படித் தீர்மானிப்பது என்று சற்றுப் பார்க்கலாம்.

வெளிநாடுகளில் வாழும் எம்மவர்களிடம் இதற்கொரு சுலபமான கணக்கு இருக்கிறது. திருத்தும் செலவு காரின் சந்தை விலையில் பாதியைத் தாண்டினால் காரை விட்டுவிட வேண்டும் என்பார்கள். ரொறன்ரோவில் அது சரியாக இருக்கலாம். இலங்கையில் பொருந்தாது. 2020 மார்ச் மாதத்தில் இங்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாமல் நின்றபோது, 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. ஓடித் தேய்ந்த காரின் விலை ஆண்டுக்காண்டு இறங்குவதற்குப் பதிலாக ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தபோதும், வரிச்சுமையினால் விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சந்தை விலையை அளவுகோலாகக் கொண்டால் இங்கே எந்தத் துருப்பிடித்த தகரமும் திருத்தத் தகுந்ததாகவே தோன்றும்.

பழைய வாகனங்களை உயிரோடு வைத்திருப்பதில் எங்கள் சமூகத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. அது காரணமற்ற பெருமையன்று. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காதபோது, ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதாலேயே அது சாத்தியமாயிற்று. நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அந்தக் கார்களில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆனால், வேறு வழியில்லாத காலத்தில் செய்ததை, வழி இருக்கும் காலத்திலும் கெட்டித்தனம் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

என்னைக் கேட்டால், விலையைப் பார்ப்பதற்கு முன் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது உடல். எஞ்சினை மாற்றலாம், கியர்பொக்ஸையும் மாற்றலாம். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் ஜப்பானில் கழற்றிய எஞ்சினையே முழுதாகக் கொண்டுவரலாம். கடற்காற்றில் துருப்பிடித்த அடிச்சட்டத்தை அப்படி வாங்க முடியாது. காரை உயர்த்தி, கதவுகளின் கீழ்ப்பகுதியையும், சில்லுகளைத் தாங்கும் பாகங்கள் பொருத்தப்பட்ட இடங்களையும் திருப்புளியால் தட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாவது எஞ்சின். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பின்னரும் வெண்புகை நிற்காவிட்டால், அல்லது எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் இருந்தால், தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இவற்றுக்கு மருந்து உண்டு, செலவைக் கணக்கிடலாம். மூன்றாவது பிரேக், ஸ்ரியரிங், ரயர். இவற்றில் பேரம் பேசக்கூடாது. இவற்றைத் திருத்தப் பணமில்லையென்றால் காரை வீதியில் இறக்கவும் கூடாது.

அதன் பின்னரே கணக்கு. கடந்த இரண்டு ஆண்டுகளில் காருக்குச் செலவழித்ததைக் கூட்டி இருபத்துநான்கால் வகுத்தால் மாதச் செலவு தெரியும். அந்தப் பணத்துக்கு எத்தனை தடவை முச்சக்கர வண்டியில் போய்வரலாம் என்று எண்ணிப் பார்த்தால், பலருக்கு அன்றைக்கே விடை கிடைத்துவிடும்.

என்னுடைய காரின் எஞ்சின் நன்றாகவே இருந்தது. அதனால்தான் பல ஆண்டுகள் ஏமாந்தேன். வழமையாகப் பார்க்கும் மெக்கானிக் ஒரு நாள் காரை உயர்த்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஐயா, வெளியாலை வடிவாத்தான் இருக்கு. அடியை ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். பின்சில்லைத் தாங்கும் பகுதிக்கு அருகில் அவர் திருப்புளியை வைத்து அழுத்தியபோது அது பிஸ்கற்றில் இறங்குவதுபோல் உள்ளே இறங்கியது. முதல் கிழமைதான் என்னுடைய பேரப்பிள்ளையை அதில் ஏற்றிக்கொண்டு புத்தளம் வரை போய் வந்திருந்தேன்.

தரகர் ஒருவர் வந்து பார்த்தார். தகரம் வைத்து ஒட்டி, பட்டி பூசி, வர்ணம் அடித்தால் ஒருவருக்கும் தெரியாது என்றார். அவர் சொன்ன விலை, நான் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்ததைவிட அதிகம். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓய்வை நெருங்கும் பத்திரிகைக்காரனுக்கு அது சிறிய தொகையன்று.

தரகர் சொன்னது பொய்யுமன்று. ஒருவருக்கும் தெரியாதுதான். பிரித்தானியாவில் மூன்று வயதைக் கடந்த காரின் பிரேக்கையும் துருவையும் ஆண்டுதோறும் எம்.ஓ.ரி. பரிசோதனையில் பார்க்கிறார்கள். இங்கே தனியார் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் போதும். தகுதிச் சான்றிதழ் பஸ்ஸுக்கும் லொறிக்கும்தான். புகை சுத்தமாக இருந்தால், உடைந்துவிழும் நிலையிலுள்ள காருக்குக்கூட அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடலாம். அரசாங்கம் பார்க்காத இடத்தில் பார்க்க வேண்டியவர் அந்தக் காரின் உரிமையாளரே.

அப்படிப்பட்ட காரை வாங்குபவர் பெரும்பாலும் சேமிப்பையெல்லாம் திரட்டி முதல் கார் வாங்கும் இளங்குடும்பத்தவராகவே இருப்பார். என் பேரப்பிள்ளையை ஏற்றத் தகாத காரில் அவருடைய பிள்ளையை ஏற்றச் சொல்லும் உரிமை எனக்கில்லை. காரைப் பாகங்களாகக் கொடுத்தேன். தரகர் சொன்னதில் கால்வாசியும் கிடைக்கவில்லை.

ஆண்டுதோறும் பிரேக்கையும் அடிச்சட்டத்தையும் பரிசோதிக்கும் முறை இங்கும் வரவேண்டும். பழைய கார் வைத்திருக்கும் ஏழை எளியவர்களுக்கு அது பாரமாகும் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கார்களில் பயணம் செய்பவர்களும் அவர்களுடைய பிள்ளைகள்தான். அதுவரை, ஒரு காரை வைத்திருப்பதா விடுவதா என்று தடுமாறுபவர்கள் அதை ஒரு தடவை உயர்த்தி அடியைப் பார்க்கட்டும். பார்த்ததை, வாங்க வருபவருக்கும் சொல்லட்டும்.