தொட்டியில் மாண்ட மீன்கள்



பாறசாலைக்கு அருகே வசிக்கும் ஒரு விசுவாசக் குடும்பத்தில், பட்டணத்தில் வேலைபார்க்கும் மகன் ஆசையாய் அமைத்துக்கொடுத்த கடல்நீர் மீன்தொட்டி இருந்தது. மூன்றே நாட்களில் மீன்கள் யாவும் மாண்டன. முந்தின ஞாயிறன்று அவற்றைப் பார்த்து வியந்த ஓர்ப்படியாளின் கண் பட்டதே காரணம் என்று தாயார் தீர்மானித்துவிட்டார். இப்பொழுது இரு வீட்டாரும் ஒரே சபையில் முகம் பாராமல் அமர்கிறார்கள்.

கண்ணேறு அவிசுவாசிகளின் பயம் என்று பிரசங்கிக்கிறோம். ஒரு மீன் செத்தால் போதும், அது நம் வீட்டிற்குள் வந்துவிடுகிறது!

அத்தொட்டிக்குப் பூவாறு கடற்கரையிலிருந்து நீர் எடுத்தார்கள். அங்கேதான் நெய்யாறு கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் பெருகினால் கரையோர நீரில் உப்பு குறையும். பவளப்பாறை மீன்கள் அத்திடீர் மாற்றத்தைத் தாங்கமாட்டா. மீன்கழிவில் உண்டாகும் அமோனியாவோ கண்ணுக்குத் தெரியாத விஷம். அதை மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத்தொட்டியில் பெருகச் சாதாரணமாக 4 முதல் 6 வாரங்கள் செல்லும். பெருங்கடலுக்கே இது நேரிடுகிறதே! 2004 செப்டம்பரில் திருவனந்தபுரம் கடலோரத்தில் நுண்பாசி பெருகி, துர்நாற்றம் வீசி, மீன்கள் செத்து ஒதுங்கின. அங்கே யாருடைய கண் பட்டது?

பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள், யார் செய்த பாவம் என்று விசாரித்தார்கள் (யோவான் 9). ஆண்டவர் ஒருவரையும் குற்றவாளியாய்ச் சுட்டவில்லை.

அம்மா, உப்பையும் அமோனியாவையும் சோதித்துப் பாருங்கள். சோதித்தும் காரணம் தெரியாமற்போகலாம். ஆனாலும் கர்த்தருடைய பந்திக்கு வருமுன் ஓர்ப்படியாளின் வீட்டிற்கு நீங்களே முதலாவது போங்கள்.