வயர்லெஸ் கருவி செய்து விற்கப் போறீங்களா? விலை போடும் முன் இந்தச் சான்றிதழைப் பாருங்கள்

பட்டர்வொர்த், மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன உணவுத் தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். குளிரறையின் வெப்பநிலையைக் கைப்பேசியில் காட்டும் கருவி ஒன்றை நீங்கள் செய்து கொடுக்கிறீர்கள். உள்ளே இருப்பது இணையத்தில் வாங்கிய வைஃபை சில்லு, ஒரு சென்சார், ஒரு பேட்டரி. அவ்வளவுதான். நன்றாக வேலை செய்கிறது. பக்கத்துத் தொழிற்சாலையும், “எங்களுக்கும் பத்து வேணும்” என்று கேட்கிறது.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். உங்கள் கருவி இப்போது ஒரு ரேடியோ ஒலிபரப்பி. அதை விற்க மலேசியாவில் சான்றிதழ் தேவை.

யார் கொடுப்பது?

1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டமும், அதன் கீழ் வந்த 2000ஆம் ஆண்டு தொழில்நுட்பத் தர விதிமுறைகளும்தான் அடிப்படை. அலைவரிசையை மேற்பார்வையிடுவது எம்.சி.எம்.சி எனப்படும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். அதன் சார்பில் கருவிகளுக்குச் சான்று வழங்குவது சிரிம் கியூ.ஏ.எஸ் இன்டர்நேஷனல். வைஃபை, புளூடூத், லோரா, ஆளில்லா விமானம், தானியங்கி கேட் ரிமோட் எல்லாமே இதில் அடங்கும்.

“சும்மா ஒரு சின்ன சென்சார்தானே, இதுக்குமா?”

நியாயமான கேள்விதான். பதில் உங்கள் வீட்டுத் தொலைபேசியிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் விற்கும் ‘டெக்ட் 6.0’ வகைக் கம்பியில்லாத் தொலைபேசிகள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையில் இயங்குகின்றன. அங்கே அது சட்டப்படி சரி. ஆனால் மலேசியாவில் அதே இடம் 3ஜி கைப்பேசிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து ஆசையாக வாங்கி வந்த ஒரு தொலைபேசி, அக்கம்பக்கத்தில் உள்ளவர்களின் கைப்பேசி இணைப்பைக் கெடுக்கும். அந்த வகையைப் பயன்படுத்த வேண்டாம் என்று எம்.சி.எம்.சி எச்சரிக்க வேண்டியதாயிற்று. கருவி பழுது இல்லை. அது வேறொரு நாட்டுக்குச் செய்த கருவி, அதுதான் சிக்கல்.

லோரா பயன்படுத்துபவர்களுக்கும் இதே கதைதான். இந்தக் குறைந்த சக்திக் கருவிகளுக்கு ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை. அமெரிக்காவில் 902 முதல் 928 வரை. நமக்கோ 919 முதல் 923ஐ ஒட்டிய சிறு இடம். அமெரிக்கப் பட்டைக்குள் நம் நாட்டுக் கைப்பேசி அலைவரிசையின் ஒரு பகுதியும் வந்துவிடுகிறது. எனவே பலகை வாங்கும்போதே எந்த நாட்டுப் பதிப்பு என்று பாருங்கள். பிறகு தெரிந்தால், வாங்கியதெல்லாம் வீண்.

சில்லுக்கு ஏற்கெனவே சான்று இருக்கிறதே?

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஈ.எஸ்.பி32 போன்ற தொகுதிகள் அமெரிக்க எஃப்.சி.சி சான்றோடும், ஐரோப்பிய சி.இ குறியோடும் வரும. அவற்றின் சோதனை அறிக்கை உங்கள் வேலையைக் குறைக்கலாம். ஆனால் அந்தக் குறி மலேசியச் சான்றிதழுக்கு மாற்று ஆகாது. ஆன்டெனாவை மாற்றினாலோ, சக்தியைக் கூட்டினாலோ, பழைய அறிக்கை உங்கள் கருவியைப் பற்றிப் பேசவில்லை என்றுதான் பொருள்.

என்ன செய்ய வேண்டும்?

விண்ணப்பிப்பது மலேசியாவில் பதிவு செய்த நிறுவனமாக இருக்க வேண்டும். சான்றிதழும் அந்த நிறுவனத்தின் பேரில்தான் வரும். தொழில்நுட்ப விவரம், கருவியின் படங்கள், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கை ஆகியவை தேவை. ஒதுக்கிய அலைவரிசைக்குள் இருக்கிறதா, சக்தி வரம்பை மீறுகிறதா, தேவையில்லாத இடங்களில் அலை கசிகிறதா என்பதை ஆய்வகம் அளக்கும். தேறிய கருவியில் எம்.சி.எம்.சி முத்திரை இருக்க வேண்டும்.

இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறீர்களா? சோதனை ஓட்டத்துக்கும் செயல்விளக்கத்துக்கும் சிறப்பு அனுமதி என்று தனி வழி உண்டு. கல்லூரி மாணவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சின்னவர்களுக்குச் சுமை இல்லையா?

சுமைதான். பத்துக் கருவி விற்றாலும் பத்தாயிரம் விற்றாலும் ஒரு மாடலுக்குச் சோதனை ஒன்றுதான். பெரிய ஆலைக்கு அது ஒரு கருவிக்குச் சில சென். உங்களுக்கு அது லாபத்தையே விழுங்கலாம். அதனால்தான் சிலர் முத்திரை இல்லாமலேயே இணையக் கடைகளில் விற்கிறார்கள். மாட்டினால் அபராதம், சிறை இரண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 2025 பிப்ரவரி 11 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தங்கள் பல குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கியும் உள்ளன.

ஆகவே சான்றிதழ் செலவைக் கடைசியில் யோசிக்காமல் முதல் நாளே கணக்கில் சேருங்கள். சோதித்த தொகுதியை, அதற்கென்று சொன்ன ஆன்டெனாவோடு அப்படியே பயன்படுத்துங்கள். மூன்று மாடலுக்குப் பதில் ஒன்றோடு தொடங்குங்கள்.

வாங்குபவராக இருந்தாலும் உங்களுக்கு வேலை உண்டு. அடுத்த முறை மலிவான ரூட்டரோ சிக்னல் பூஸ்டரோ கண்ணில் பட்டால், முதலில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ‘செக் யுவர் லேபல்’ செயலியில் அதைச் சரிபார்க்கலாம். அலைவரிசை கண்ணுக்குத் தெரியாத பொதுச் சாலை. ஒருவர் குறுக்கே வண்டியை நிறுத்தினால், தெருவே நிற்கும்.