தங்க அட்டைக்கு மலிவு டிக்கெட்டே போதும்

விமான நிறுவனத்தின் தங்க அட்டை வைத்திருப்பவர்தான் இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டை வாங்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு. அட்டை வந்ததும் மலிவு டிக்கெட் வாங்கக் கை கூசுகிறது. "கோல்டு ஆகிவிட்டேன், இனியுமா லைட் டிக்கெட்?" என்று கேட்பவர்களை என் வட்டத்திலேயே மூன்று பேரைப் பார்த்துவிட்டேன். நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போக டிக்கெட் தேடும் நேரத்தில் இந்தப் பேச்சு தவறாமல் வருகிறது. வானொலி நேரலையில் இதற்கெல்லாம் நாற்பது வினாடிதான் கிடைக்கும். இங்கே கொஞ்சம் சாவகாசமாகப் பேசலாம்.

நம் ஊர் சிங்கப்பூர் ஏர்லைன்சையே எடுத்துக்கொள்வோம். சிக்கன வகுப்பு டிக்கெட்டிலேயே லைட், வேல்யூ, ஸ்டாண்டர்ட், ஃபிளெக்ஸி என்று பல விலைகள். இருக்கை ஒன்றுதான், சாப்பாடும் ஒன்றுதான். லைட் டிக்கெட்காரருக்குக் கோழியில் ஒரு துண்டு குறைவதில்லை. அப்படியானால் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? பிடித்த இருக்கையைக் கட்டணமில்லாமல் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கலாம். மைல்கள் கூடுதலாகச் சேரும். தேதியை மாற்றுவதும் ரத்து செய்வதும் எளிது. பெரும்பாலும் இவைதான்.

இப்போது தங்க அட்டை என்ன தருகிறது என்று பாருங்கள். கிரிஸ்ஃபிளையர் எலீட் கோல்டு உறுப்பினருக்கு சாதாரண இருக்கையைத் தேர்ந்தெடுக்கக் கட்டணம் இல்லை. பயணப்பெட்டிக்குக் கூடுதலாக 20 கிலோ. ஊருக்கு மைலோ, கோடாலித் தைலம், சாக்லேட் என்று கட்டிக்கொண்டு போகும் நமக்கு இந்த 20 கிலோவின் அருமை தெரியும். பதிவு முகப்பில் தனி வரிசை, முன்னதாக விமானம் ஏறும் வசதி, புறப்படும் முன் ஓய்வறை. இவை அனைத்தும் ஆக மலிவான லைட் டிக்கெட்டுக்கும் உண்டு. டிக்கெட் விலையைப் பார்த்து ஓய்வறை வாசலில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

விலை உயர்ந்த டிக்கெட் விற்கும் சௌகரியங்களில் பாதியை அட்டை ஏற்கெனவே இலவசமாகக் கொடுத்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அட்டையும் வைத்துக்கொண்டு உயர்ந்த டிக்கெட்டும் வாங்குவது, வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கல்யாணப் பந்தியிலும் உட்காருவது போல.

அட்டை தராத ஒன்று இருக்கிறது. அதை மறைக்கக்கூடாது. டிக்கெட்டின் விதிகளை எந்தத் தங்கமும் மாற்றாது. லைட் டிக்கெட்டை ரத்து செய்தால் அடிப்படைக் கட்டணம் திரும்பி வராது. சேர்த்த மைல்களைக் கொடுத்து அந்த டிக்கெட்டை மேல் வகுப்புக்கு உயர்த்தவும் முடியாது. ஊரில் அப்பா மருத்துவமனையில் இருக்கிறார், எப்போது திரும்புவோம் என்று தெரியாது என்றால் தேதி மாற்ற வசதியுள்ள டிக்கெட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் தப்பே இல்லை. மண்டபம் கிடைக்காமல் கல்யாணத் தேதியை மூன்று முறை மாற்றும் குடும்பமாக இருந்தாலும் அப்படித்தான். (எங்கள் குடும்பத்தைச் சொல்லவில்லை. சரி, எங்கள் குடும்பத்தைத்தான் சொல்கிறேன்.) ஆனால் அந்தப் பணம், தேதி மாற்றும் உரிமைக்கு நாம் கொடுக்கும் விலை. கௌரவத்துக்குக் கொடுப்பது வேறு.

"எல்லாம் சரி, லைட் டிக்கெட்டிலேயே பறந்தால் அடுத்த ஆண்டு அட்டை போய்விடுமே?" என்பதுதான் அடுத்த கேள்வி. உண்மைதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எலீட் கோல்டு தகுதிக்கு 12 மாதங்களில் 50,000 எலீட் மைல்கள் வேண்டும். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குத் தூரம் ஏறக்குறைய 1,800 மைல். லைட் டிக்கெட்டில் அதில் பாதிதான் கணக்கில் சேரும். ஒரு வழிக்கு 900, போக வர 1,800. அந்த வேகத்தில் 50,000 எட்ட, ஓராண்டில் 28 முறை சென்னைக்குப் போய்வர வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை! முழு மைல் தரும் ஃபிளெக்ஸி டிக்கெட் என்றாலும் 14 முறை. மாமியார் வீடு சென்னையிலேயே இருந்தாலும் இத்தனை முறை யாரும் போவதில்லை.

இன்னொரு பக்கம், வேலை விஷயமாக லண்டனுக்கு வணிக வகுப்பில் பறப்பவரைப் பாருங்கள். ஒரு வழி சுமார் 6,760 மைல். வணிக வகுப்பில் 125 விழுக்காடு சேரும். மூன்று முறை போய்வந்தால் 50,000 தாண்டிவிடும். பையில் இருக்கும் தங்க அட்டைகளில் பல இப்படித்தான் வந்தவை. முதலாளி பணத்தில் முளைத்தவை. அதை நம் சொந்தப் பணத்தில், பிள்ளைகளின் விடுமுறைச் செலவில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற நினைக்கிறோம். லண்டன் வேலை தொடர்ந்தால் அட்டை தானாகவே திரும்ப வரும். தொடராவிட்டால் சென்னை டிக்கெட்டால் அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது. இரண்டில் எது நடந்தாலும் சொந்தப் பயணத்துக்கு விலை உயர்ந்த டிக்கெட் வாங்கியதால் ஆகப்போவது அதிகமில்லை.

அந்த ஆசையைத் தூண்டத்தான் இந்த ஏற்பாடு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஏஅட்வான்டேஜ் திட்டத்தை 1981 மே மாதம் தொடங்கியது. விமானத் தொழிலில் அரசுக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, அமெரிக்காவில் போட்டி கடுமையான காலம் அது. வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகாமல் இருக்க ஒரு கயிறு தேவைப்பட்டது. அந்தக் கயிறு இப்போது உலகம் முழுவதும் நீண்டிருக்கிறது. உறுப்பினர் ஆண்டு முடியும் சமயத்தில் ஒரு மின்னஞ்சல் வரும், தகுதியைத் தக்கவைக்க இன்னும் இத்தனை மைல்தான் பாக்கி என்று. விளம்பரம் வாசிப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. 'இன்னும் கொஞ்சம்தான்' என்ற இரண்டு சொற்களுக்கு எவ்வளவு பலம் என்று எனக்குத் தெரியும்.

நிறுவனங்களும் சும்மா இல்லை. மலிவு டிக்கெட்டில் பறந்தே தகுதி சேர்ப்பவர்களை அவை கவனித்துவிட்டன. அமெரிக்காவின் டெல்டா 2022 முதல் ஆக மலிவான பேசிக் டிக்கெட்டுக்கு மைலே கொடுப்பதில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் முதல் பறந்த தூரத்தை விட்டுவிட்டுச் செலவழித்த பணத்தை வைத்தே தகுதியைக் கணக்கிடுகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்சின் பிபிஎஸ் கிளப்புக்கும் பணம்தான் அளவுகோல், மேல் வகுப்புகளில் 25,000 வெள்ளி மதிப்புக்குப் பறக்க வேண்டும். எலீட் கோல்டுக்கு மட்டும் இன்னும் மைல் கணக்கு. போகிற போக்கைப் பார்த்தால் தகுதி என்பது, எவ்வளவு செலவழித்தீர்கள் என்பதற்கான ரசீதாக மாறிக்கொண்டிருக்கிறது. ரசீதைக் காப்பாற்ற மேலும் செலவழிப்பார்களா?

குடும்பமாகப் போகும்போது இன்னொரு சங்கடம். அட்டை ஒருவர் பெயரில்தான். கூடுதல் 20 கிலோ அவருக்கு மட்டும். ஓய்வறைக்குள் ஒரு விருந்தினரை அழைத்துப் போகலாம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உடன் வந்தால் யாரை அழைத்துப் போவது? சாங்கி மூன்றாம் முனையத்தில் இப்படி ஒரு குடும்பம் ஓய்வறை வாசலில் நின்று விவாதித்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் நால்வரும் உணவங்காடிக்குப் போய்விட்டார்கள். அந்த அட்டைக்காக நான்கு டிக்கெட்டிலும் தலைக்கு 150 வெள்ளி கூடுதலாகக் கொடுத்திருந்தால் 600 வெள்ளி. நல்ல உணவங்காடியில் எத்தனை தட்டு சிக்கன் ரைஸ் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

பணம்கூடப் பரவாயில்லை. அட்டை நம் பாதையையும் தேர்ந்தெடுக்கத் தொடங்கும்போதுதான் எனக்குக் கவலை.

என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த நண்பர் ஒருவர். சொந்த ஊர் தஞ்சாவூர். ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வேலை, ஐரோப்பாவுக்கும் சிங்கப்பூருக்குமாகப் பறந்து கோல்டு ஆனவர். தஞ்சாவூருக்குப் பக்கத்து விமான நிலையம் திருச்சி. அங்கிருந்து வீட்டுக்கு அறுபது கிலோமீட்டர்கூட இருக்காது. சிங்கப்பூரிலிருந்து ஸ்கூட், இண்டிகோ இரண்டும் நேராகத் திருச்சிக்குப் போகின்றன. ஆனால் அவை ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இல்லை. அதனால் நண்பர் சென்னைக்குப் போவார். அங்கிருந்து கார் பிடித்து ஆறேழு மணி நேரம். மூன்று ஆண்டுகள் இப்படித்தான்.

"லவுஞ்சுல லக்சா நல்லா இருக்கும்டா" என்பார். உண்மைதான், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான்கு நாள் விடுப்பில் போகிறவர், போக வர ஒரு முழு நாளைச் சென்னை–தஞ்சாவூர் சாலையில் விட்டுவிட்டு வருவார். "ஏம்ப்பா, நேரா திருச்சிக்கு வரக்கூடாதா? இங்கதானே இருக்கு" என்று அவருடைய அம்மா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எலீட் மைல் என்றால் என்னவென்று அம்மாவுக்கு எப்படி விளக்குவது? விளக்கிப் பார்த்தாராம். "அந்த மைலை வச்சு என்ன பண்ணுவே?" என்பது அம்மாவின் அடுத்த கேள்வி. பதில் யோசித்துப் பார்த்தால், "மறுபடியும் சென்னைக்கு வருவேன்" என்பதுதான்.

சென்ற ஆண்டு இறுதியில் அவருக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. தகுதியைத் தக்கவைக்க ஏறக்குறைய 8,000 மைல் பாக்கி, இரண்டு மாதம் அவகாசம். லைட் டிக்கெட்டில் ஐந்து முறை சென்னை. அல்லது அதிக விலை டிக்கெட்டில் மூன்று முறை. என்னைக் கூப்பிட்டு யோசனை கேட்டார். நான் கேட்டது ஒன்றுதான்: "அந்த அட்டையால போன வருஷம் சொந்தப் பயணத்துல உனக்கு எவ்வளவு மிச்சம்?" இருக்கைக் கட்டணம், கூடுதல் பெட்டி, இரண்டு தட்டு லக்சா என்று ஒவ்வொன்றாகக் கூட்டினார். பிறகு சென்னையிலிருந்து பிடித்த கார் வாடகையைக் கழித்தார். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அட்டையை இப்போதே தூக்கி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. இருக்கும்வரை அனுபவியுங்கள். சென்னைக்குத்தான் போக வேண்டும், தேதியும் உறுதி என்றால் லைட் டிக்கெட் வாங்கி, அட்டையைக் காட்டி 20 கிலோவைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போங்கள். அது உங்கள் உரிமை. நீண்ட பயணத்தில் மைல் கொடுத்து மேல் வகுப்புக்கு மாற எண்ணம் இருந்தால் மட்டும், டிக்கெட் வாங்கும் முன்பே அந்த விதியைப் படித்துவிடுங்கள். வாங்கிய பிறகு படித்துப் பயனில்லை. மற்றபடி தேடல் பக்கத்தில் விமான நிறுவனத்தின் பெயரைக் கடைசியாகப் பாருங்கள். எந்த ஊரில் இறங்க வேண்டும், வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம், மொத்தம் எவ்வளவு ஆகிறது என்ற வரிசையில் பாருங்கள்.

நண்பர் அந்த 8,000 மைலைத் துரத்தவில்லை. பொங்கலுக்கு மலிவு விமானம் ஒன்றில் நேராகத் திருச்சிக்குப் போனார். பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்டினார். ஓய்வறை கிடையாது, முன்னுரிமைச் சீட்டும் கிடையாது, பெட்டி வரக் கொஞ்ச நேரம் காத்து நிற்க வேண்டியிருந்தது. வெளியே வந்தால் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி அவருடைய அம்மா. சென்னை விமான நிலையத்துக்கு அவர் ஒரு முறைகூட வந்ததில்லை, அவ்வளவு தூரம் அவரால் உட்கார்ந்து வர முடியாது. திருச்சிக்குப் பக்கத்து வீட்டுப் பையனின் காரில் ஏறி, ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றிருந்தாராம்.